அண்ணனின் ஆல்பத்தில் எது அசல், எது போலி, எது அச்சுப்பிழை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். சிங்கப்பூரில் இருந்த உங்கள் அண்ணன் 1999, 2000 வாக்கில் சேர்த்த போக்கிமான் கார்டு ஆல்பம் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பையன் ஆன்லைனில் வாங்கிய ஒரு பெட்டித் தங்க நிறக் கார்டுகளும் அதோடு கலந்துவிட்டன. நீங்கள் குறிப்பாகக் கேட்டிருப்பது நாலு கார்டுகளைப் பற்றி: ஒரு சாரிசார்ட், முதல் பதிப்பு முத்திரையோடு ஒரு மச்சாம்ப், தொகுப்புக் குறி இல்லாத ஒரு கங்காஸ்கான் (மூன்றும் போக்கிமான் பாத்திரங்களின் பெயர்கள்), கோணலாக வெட்டுப்பட்ட ஒரு கார்டு. இவற்றில் எது அசல், எது டூப்ளிகேட், எது விலை பெறும் அச்சுப்பிழை என்பது கேள்வி.

தங்கக் கார்டுகளை முதலில் முடித்துவிடுவோம். ஐம்பத்தைந்து கார்டு ஒரு பெட்டி என்று விற்கும் அந்தத் தங்க நிற, வெள்ளி நிற, கருப்பு நிற பிளாஸ்டிக் கார்டுகள் அத்தனையும் போலி. உலோகக் கார்டுகளைப் போக்கிமான் கம்பெனியே வெளியிட்டதும் உண்டு. 2021-ல் 25ஆம் ஆண்டுக்காக வந்த விலை உயர்ந்த பெட்டியில் ஒரு பிக்காச்சுவும் ஒரு சாரிசார்டும் உலோகத்தில் இருந்தன. ஆனால் அவை கையில் எடுத்தாலே கனம் தெரியும் நிஜத் தகடுகள். 1999-ல் அமெரிக்காவில் பர்கர் கிங் கடைகளில் தங்க முலாம் பூசிய ஆறு தகடுகளைக் கொடுத்தார்கள். அவையும் அசல்தான், ஆனால் விளையாடும் கார்டுகள் அல்ல. பையனிடம் இருப்பது இந்த இரண்டும் இல்லை. அதற்காக அவனிடமிருந்து பிடுங்கி எறிய வேண்டாம், விளையாடட்டும். அண்ணனின் ஆல்பத்திலிருந்து மட்டும் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

இனி ஆல்பம். இதில் பலரும் செய்வது, படத்தைப் பார்த்து முடிவெடுப்பது. படம் சரியாக இருக்கிறது, எழுத்து சரியாக இருக்கிறது, அதனால் அசல் என்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் அது ஓரளவு சரி. அப்போதைய போலிகளில் போக்கிமான் என்ற ஆங்கிலச் சொல்லில் ஈ எழுத்தின் மேலே வர வேண்டிய சின்னக் கோடு இருக்காது, பாத்திரத்தின் பலத்தைக் காட்டும் ஹெச்பி எண் கன்னாபின்னாவென்று இருக்கும், முதுகுப் பக்க நீலம் ஊதாவாக வெளுத்திருக்கும். இன்றைக்கு அசல் கார்டை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து அடிக்கிறார்கள். எழுத்துப் பிழையும் இல்லை, கோடும் இருக்கிறது. அதனால் படத்தை விட்டுவிட்டு அச்சைப் பார்க்கப் பழகுங்கள். போலிக்கும் அச்சுப்பிழைக்கும் உள்ள வேறுபாடும் அங்கேதான் தெரியும்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் இடத்தைப் பார்த்திருந்தால் இது சுலபமாகப் புரியும். ஆஃப்செட் அச்சில் சயான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு நிறத்துக்கு நாலு பிளேட். படம் முழுவதும் இந்த நாலு நிறப் புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோணத்தில் வரிசையாக நிற்பதால், லென்ஸ் வழியே பார்த்தால் சின்னச் சின்னப் பூக்கள் அடுக்கியது மாதிரி இருக்கும். ஆனால் கருப்பு எழுத்துகள் அப்படி இருக்காது. அவை கருப்பு பிளேட்டிலிருந்து மட்டும் நேராக விழுவதால் விளிம்பு கூர்மையாக, உள்ளே முழுக் கருப்பாக இருக்கும்.

போலி அடிப்பவரிடம் அசல் பிளேட் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு ஸ்கேன். ஸ்கேனுக்குப் படமும் எழுத்தும் ஒன்றுதான். அதை மறுபடி அச்சடிக்கும்போது கருப்பு எழுத்தும் புள்ளிகளாக உடைந்துவிடும். விளிம்பில் நீலமும் சிவப்பும் பொடிப் பொடியாகச் சிதறி நிற்கும். வெறுங்கண்ணுக்குக் கொஞ்சம் மங்கல் என்று மட்டும் தோன்றும் இடம், லென்ஸில் பார்த்தால் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் போதும். 10 மடங்கில் தொடங்கலாம், 30 மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. கார்டின் கீழ்வரியில் பொடி எழுத்தில் இருக்கும் காப்புரிமை வரியைப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அசல் கார்டு வேண்டும். ஆல்பத்திலேயே யாரும் சீந்தாத ஓர் எனர்ஜி கார்டை எடுங்கள், அதே காலத்தது. பத்து ரூபாய்கூடப் பெறாத கார்டைப் போலி அடிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை என்பதால் அது பெரும்பாலும் அசலாகவே இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதுகுப் பக்க நீலத்தையும், ஓரத்தின் தடிமனையும், விரலில் படும் வழவழப்பையும் ஒப்பிடுங்கள். அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். ஓரத்தைப் பக்கவாட்டில் லென்ஸில் பார்த்தால், இரண்டு வெள்ளை அடுக்குக்கு நடுவில் மெல்லிய கருப்புக் கோடு ஒன்று தெரிய வேண்டும். வெளிச்சம் ஊடுருவாமல் இருக்க வைக்கும் அடுக்கு அது. செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பார்க்கும் சோதனையும் இந்த அடுக்கை நம்பித்தான் நடக்கிறது. அசலில் வெளிச்சம் மந்தமாக வரும், சாதாரண அட்டையில் பளிச்சென்று வரும். ஆனால் டார்ச் சோதனையில் தோற்றால் போலி என்று சொல்லலாமே தவிர, தேறினால் அசல் என்று சொல்ல முடியாது. இப்போதைய நல்ல போலிகள் இதில் தேறிவிடுகின்றன. எழுத்து சோதனையில் தேறுவதுதான் அவற்றுக்குக் கடினம். ஒரு கார்டைக் கிழித்து நடு அடுக்கைப் பார்க்கச் சொல்லும் அறிவுரை எங்காவது கண்ணில் பட்டால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். சென்னை மாதிரி கடற்காற்று ஊரில், படம் பளபளக்கும் ஹோலோ கார்டுகள் வில்லாக வளையும். அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டி அசலைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பேப்பர் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே ஒட்டிய பளபள ஃபாயில் விரியாது, அதனால் வளைகிறது. வளைவு போலிக்கு அடையாளமே இல்லை.

சரி, சாரிசார்ட். ஆங்கிலத்தில் இந்தக் கார்டுகளை 1999 ஜனவரியில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்டது. ஜப்பானில் 1996 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆங்கில முதல் தொகுப்பில் 102 கார்டுகள், சாரிசார்ட் நாலாவது. கீழே வலது மூலையில் 4/102 என்று இருக்க வேண்டும். 120 ஹெச்பி, படம் வரைந்தவர் மிட்சுஹிரோ அரிட்டா என்று இடது மூலையில் பெயர் இருக்கும்.

இதே கார்டு முக்கியமாக மூன்று விதமாக இருக்கிறது. முதலில் வந்தவற்றில் படத்தின் இடது கீழ்ப்புறம் முதல் பதிப்பு என்ற சின்ன முத்திரை உண்டு. அடுத்து வந்தவற்றில் முத்திரை இல்லை, ஆனால் அச்சு அதேதான். இந்த இரண்டிலும் படச்சட்டத்தின் வலது பக்கத்தில் நிழல் கிடையாது. பிறகு வடிவமைப்பைத் திருத்தி, சட்டத்துக்கு வலப்பக்கம் ஒரு நிழல் சேர்த்துத் தாராளமாக அடித்தார்கள். கீழே காப்புரிமை வரியும் மாறியது. நிழல் இல்லாதவற்றில் ஆண்டுகள் 1995, 96, 98, 99 என்று வரும். நிழல் உள்ளவற்றில் பெரும்பாலும் அந்த 99 இல்லாமல் 98-ஓடு நின்றுவிடும். இந்த வரியும் நிழலும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். நிழல் இல்லை, ஆனால் 99-ம் இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

உங்கள் அண்ணன் கடையில் பாக்கெட் வாங்கிப் பிரித்தவர் என்பதால் நிழல் உள்ளதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் நல்ல விலை பெறும் கார்டுதான். முத்திரை உள்ளதில், பிஎஸ்ஏ என்ற தரச்சான்றுக் கம்பெனியிடம் மிக உயர்ந்த 10 தரம் பெற்ற ஒரு பிரதி 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. அதனால்தான் நிழல் இல்லாத அசல் கார்டில் பொய் முத்திரை குத்தி விற்கும் வேலையும் நடக்கிறது. கார்டு முழுக்க அசல், முத்திரை மட்டும் போலி. இங்கே டார்ச்சோ ஓரமோ உதவாது. லென்ஸில் அந்த முத்திரையின் மை, கார்டின் மேற்பூச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பிறகு குத்தியது தனியாகத் தெரியும். 2021-ல் 25ஆம் ஆண்டுக்காக இதே சாரிசார்டை மறுபடி அடித்தார்கள், எண்கூட அதே 4/102. ஆனால் அதில் 25 என்ற குட்டி முத்திரை இருக்கும். அதுவும் அசல், விலைதான் வேறு.

மச்சாம்ப் விஷயத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் விளையாடும் தொடக்கப் பெட்டியில் மச்சாம்ப் ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியை மறுபடி மறுபடி அடித்தபோதும் மச்சாம்பின் முதல் பதிப்பு முத்திரையைப் பெரும்பாலும் எடுக்கவில்லை. அதனால் அந்தத் தொகுப்பில் முத்திரையும் நிழலும் சேர்ந்து இருப்பது மச்சாம்பில் மட்டும்தான். முத்திரை இருக்கிறதே என்று பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். இதைத் திருப்பி வைத்தால் ஒரு நல்ல சோதனையும் கிடைக்கிறது. அந்த 102-ல் வேறு எந்தக் கார்டிலாவது நிழலும் முத்திரையும் சேர்ந்திருந்தால் கையில் எடுக்கவே வேண்டாம்.

இனி அச்சுப்பிழைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அச்சுப்பிழை என்பது அசல் பேப்பரில், அசல் பிளேட்டில், அசல் மெஷினில் ஏதோ ஒரு கட்டத்தில் மட்டும் நடந்த தவறு. ஒரு மை விழவில்லை, ஒரு பிளேட் விலகியது, வெட்டும் கத்தி தள்ளி இறங்கியது, பாக்கெட்டை ஒட்டும் மெஷினின் பல் கார்டைக் கடித்துவிட்டது. அந்த ஒரு கட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும். போலியில் அப்படி இருக்காது. எழுத்து, பேப்பர், நீலம், ஓரம் என்று நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பும். யாராவது விசித்திரமான கார்டைக் காட்டி எரர் கார்டு என்றால், நான் பிழையைப் பார்க்க மாட்டேன். பிழை இல்லாத இடங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

அச்சகத்தில் நடந்த தவறு என்றால் அது எந்தக் கட்டத்தில் எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல முடிய வேண்டும் என்பது அடுத்தது. உங்கள் கங்காஸ்கான் இதற்குச் சரியான உதாரணம். ஜங்கிள் என்ற இரண்டாவது தொகுப்பு 1999 ஜூனில் வந்தது, 64 கார்டுகள். அதன் கார்டுகளில் படத்தின் வலது கீழ் மூலைக்கு வெளியே ஒரு பூ மாதிரியான குறி இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பதிப்பின் ஹோலோ கார்டுகளில் ஒரு பகுதி அந்தக் குறியே இல்லாமல் அச்சாகி வெளியே வந்துவிட்டது. சேகரிப்பவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். இந்தப் பிழை வந்தது ஹோலோ கார்டுகளில். அந்தத் தொகுப்பில் கங்காஸ்கான் இரண்டு எண்ணில் உண்டு. 5/64 ஹோலோ, 21/64 சாதாரணம். உங்களுடையது 5/64 ஆக, படம் பளபளப்பாக, முதல் பதிப்பு முத்திரை இல்லாமல் இருந்தால் நம்பிக்கையோடு அடுத்த சோதனைக்குப் போகலாம். 21/64 என்று இருந்தாலோ, முத்திரை இருந்தாலோ, குறியை யாரோ அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

அழிப்பார்களா என்று கேட்பீர்கள். நானே ஒன்றை வாங்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஒருவரிடம் குறி இல்லாத ஜங்கிள் கார்டு ஒன்று வாங்கினேன். புகைப்படத்தில் அருமையாக இருந்தது. எண்ணும் சரி, ஹோலோவும் சரி, காப்புரிமை வரி லென்ஸில் முழுக் கருப்பு. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கார்டை மெல்லச் சாய்த்தேன். மஞ்சள் பரப்பு முழுவதும் ஒரே சீராக மின்னியது, அந்தப் பூக்குறி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மிளகு அளவுக்கு மினுமினுப்பு செத்திருந்தது. லென்ஸை வைத்தால், சுற்றிலும் புள்ளிகள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கின்றன. அந்த மிளகளவு இடத்தில் வரிசை கலைந்து, பேப்பரின் நார் பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது. நகத்தாலோ பிளேடாலோ சுரண்டி, மேலே ஏதோ மஞ்சள் தடவியிருக்கிறார்கள். விற்றவர் பதிலே போடவில்லை. அந்தக் கார்டு இன்றும் என் மேஜையில்தான் இருக்கிறது, புதிதாகச் சேகரிக்க வருபவர்களிடம் முதலில் அதைத்தான் கொடுத்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் கங்காஸ்கானிலும் இதையே செய்யுங்கள். குறி இருக்க வேண்டிய இடத்தில் மினுமினுப்பும் புள்ளி வரிசையும் அறுபடாமல் ஓடினால், அது அச்சகத்திலிருந்தே அப்படி வந்தது.

நிறம் இல்லாத கார்டுகளிலும் இதே கவனம் தேவை. மஞ்சளோ மஜெந்தாவோ விழாமல் வந்த அசல் பிழைகள் உண்டு. ஆனால் வருடக் கணக்கில் வெயில் பட்டாலும் மஜெந்தாவும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், கார்டு நீலம் பாய்ந்து நிற்கும். ரசாயனத்தில் துடைத்தும் நிறத்தை எடுக்கிறார்கள். அச்சில் விழாத நிறத்துக்குப் புள்ளியே இருக்காது. வெளுத்த நிறத்துக்கு லென்ஸில் சாயம் போன புள்ளி மிச்சம் இருக்கும்.

எல்லாப் பிழைக்கும் விலை உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தொகுப்பின் வல்பிக்ஸில் 50 ஹெச்பி என்பதற்குப் பதில் ஹெச்பி 50 என்று மாற்றி அச்சாகியிருக்கும். பிழைதான், ஆனால் ஏகப்பட்ட பிரதிகளில் இருப்பதால் பெரிய விலை இல்லை. பிக்காச்சுவின் கன்னம் முதலில் சிவப்பாக அச்சாகி, பிறகு மஞ்சளாக மாற்றப்பட்டது. இரண்டும் அசல். சிவப்புக் கன்னம் குறைவாக இருப்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு.

கண்ணாடிப் பெட்டி மாதிரியான உறையில் தர எண்ணோடு அடைத்துத் தருகிறார்களே, அப்படி வாங்கினால் பயமில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். பயம் குறையும், போய்விடாது. உறையையே போலியாகச் செய்கிறார்கள். அசல் சான்றிதழ் எண்ணைத் திருடி ஒட்டுகிறார்கள். அதனால் எண் தரச்சான்று தந்த கம்பெனியின் தளத்தில் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அங்கே புகைப்படம் இருந்தால் கீறல், ஓரம், நடுவமைப்பு எல்லாம் இதே கார்டுதானா என்று ஒப்பிடுங்கள். தரம் போடுபவர்களும் தவறியிருக்கிறார்கள். 1996 வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் கார்டுகள் என்று தரச்சான்றோடு விற்பனையான சிலவற்றில், 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைக் கண்டுபிடித்தார்கள். பல கலர் லேசர் பிரிண்டர்கள் ஒவ்வொரு தாளிலும் ரகசியமாகப் போடும் புள்ளிகள் அவை. படித்துப் பார்த்தால் அச்சான தேதி தெரியும். தேதி 2024 என்று வந்தது. பேஸ்பால் கார்டுகளில் மிகப் புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் கார்டு 1991-ல் பிஎஸ்ஏ சான்றளித்த முதல் கார்டு. அதன் ஓரத்தை வெட்டிச் சரிசெய்ததாக, அதை ஒரு காலத்தில் விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். பிரிக்காத பெட்டியும் அப்படித்தான். யூடியூப் பிரபலம் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய, சான்று பெற்ற முதல் பதிப்புப் பெட்டிகளை 2022 ஜனவரியில் திறந்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு பொம்மைத் தொடரின் கார்டுகள்.

கடைசியாக அந்தக் கோணல் கார்டு. இதைப் படத்தில் பார்த்ததும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது, ஏனென்றால் மேல் ஓரத்தில் இன்னொரு கார்டின் விளிம்பு எட்டிப்பார்க்கிறது. இதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். கம்பெனியில் கத்தி தள்ளி இறங்கியிருக்கலாம், அதுதான் அசல் பிழை. வெட்டாத பெரிய தாள் வெளியே வந்து, யாரோ வீட்டில் வேண்டுமென்றே கோணலாக வெட்டியிருக்கலாம். பேப்பரும் அச்சும் அசலாகவே இருப்பதால் இதுதான் பலரை ஏமாற்றுவது. மூன்றாவது, முழுப் போலி. கத்தி இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் வெட்டுவதால், இவ்வளவு தள்ளி வெட்டுப்பட்ட கார்டின் முதுகிலும் மேல்பக்கம் அதே போலத் தள்ளியிருக்க வேண்டும். நாலு மூலையும் மற்ற கார்டுகளின் அதே வளைவில் இருக்க வேண்டும். பத்துக் கார்டு அடுக்கில் நடுவில் செருகி மேஜையில் தட்டிப் பாருங்கள், நீளத்திலும் அகலத்திலும் துருத்தவோ உள்வாங்கவோ கூடாது. வீட்டில் கத்தியால் வெட்டியது மூலையில் மாட்டிக்கொள்ளும்.

நீங்கள் அனுப்பியதில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. கார்டை உறையிலிருந்து எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து, முதுகையும் நாலு மூலைகளையும் ஃபிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கங்காஸ்கானை ஜன்னல் பக்கம் சாய்த்து ஒரு சின்ன வீடியோவும் எடுத்தால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம். அதுவரை யார் வந்து எவ்வளவு கேட்டாலும் இந்த இரண்டையும் கொடுத்துவிடாதீர்கள்.